சாம்ராஜ்யமும் ஏழாயிரம்பண்ணையும்

சென்ற கோடை விடுமுறையில் ஏழாயிரம்பண்ணையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். சாத்தூரில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, கரிசல் காட்டு அனலையெல்லாம் முகத்தில் வாங்கிக்கொண்டு வாசலில் கால் வைத்தால், "வாங்க மாமா" என்று ஓடி வர வேண்டிய மருமகப் பிள்ளை கண்ணில் தென்படவில்லை.

"உள்ளே ராஜ்யபாரம் பண்ணிக்கிட்டிருக்கான், அண்ணே" என்றாள் தங்கை.

உள்ளே போனேன். கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்த சக்கரவர்த்தி தலை நிமிராமலே, "ஒரு நிமிஷம் மாமா, கோட்டை விழப் போகுது" என்றான். யாருடைய கோட்டை என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று மாலை வரை எழுந்திருக்கவில்லை.

விளையாட்டின் பெயர் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்'. சாம்ராஜ்யங்களின் யுகம் என்று சொல்லலாம். அதன் இரண்டாம் பாகத்தைத்தான் பையன் ஆடிக்கொண்டிருந்தான். ஆரம்பத்தில் ஒரு நகர மண்டபம், இரண்டு மூன்று குடியானவர்கள், வேவு பார்க்க ஒரு குதிரைக்காரன், இவ்வளவுதான் ஆஸ்தி. சுற்றிலும் ஒரே இருட்டு. குதிரைக்காரன் போகப் போகத்தான் காடும் ஆறும் வெளிச்சத்துக்கு வரும். மரம் வெட்ட வேண்டும், உணவு சேர்க்க வேண்டும், பொன்னும் கல்லும் தோண்ட வேண்டும். இருண்ட காலத்திலிருந்து படிப்படியாக ஏறிச் சாம்ராஜ்யக் காலத்தை அடைய வேண்டும். அதற்குள் அடுத்தவன் வந்து நம்மை அழிக்காமல், நாம் போய் அவனை அழித்துவிட வேண்டும்.

சரித்திரக் கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஓர் அரசனைச் சிம்மாசனத்தில் ஏற்ற எனக்கு இருபது வாரமாவது ஆகும். இந்தப் பையன் இருபது நிமிஷத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான். பொறாமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வகை விளையாட்டுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1964-இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பள்ளி ஆசிரியை மேபல் அடிஸ், ஐ.பி.எம். கம்பெனியாரோடு சேர்ந்து சுமேரிய விளையாட்டு ஒன்றை அமைத்தார். பண்டைய லகாஷ் நகரத்தின் ராஜா ஸ்தானத்தில் மாணவனை உட்கார வைத்து, களஞ்சியத்துத் தானியத்தில் ஜனங்களுக்கு உண்ணக் கொடுப்பது எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று கேட்கும் விளையாட்டு அது. அதன் வழியில் வந்த 'ஹமுராபி' 1970-களில் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் வந்து சேர்ந்தது. அதில் ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 20 புஷல் தானியம் கொடுத்தாக வேண்டும். பட்டினிச் சாவு அளவு மீறிப் போனால் ராஜாவையே பதவியிலிருந்து விரட்டிவிடுவார்கள். நல்ல சட்டம் அல்லவா?

பிறகு 1991-இல் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் 'சிவிலைசேஷன்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். கி.மு. 4000-இல் தொடங்கி விண்வெளி யாத்திரை வரைக்கும் அது போகும். அதே ஷெல்லி என்ஸெம்பிள் ஸ்டூடியோஸ் நிறுவனத்தாரோடு சேர்ந்து உழைத்து 1997-இல் வெளிவந்ததுதான் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்'. இரண்டாம் பாகம் 1999-இல் வந்தது. அதில் இந்தியாவுக்கு வெகு நாள் வரையில் இடமே இல்லை. 2013-இல்தான் 'இந்தியர்' என்று மொத்தமாக ஒரு கூட்டத்தைச் சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில் அதைப் பிரித்து, திராவிடர், வங்காளியர், கூர்ஜரர், ஹிந்துஸ்தானியர் என்று நான்காக்கினார்கள். திராவிடருக்குக் காலாளும் கப்பலும் பலம். சுருள்வாளைச் சுழற்றும் வீரனும் உண்டு. ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை வரிசையாக ஆடலாம். 1025-இல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் மேல் போன நம் அரசனை, உலகத்தின் ஏதோ மூலையில் இருக்கும் பையன்கள் நடத்திப் பார்க்கிறார்கள் என்று மருமகன் சொன்னபோது எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

நிமிர்ந்த நெஞ்சோடு, "இதிலே நம்ம ஊர் எங்கேடா?" என்று கேட்டேன்.

"நம்ம ஊரா? இது சாம்ராஜ்யம், மாமா" என்றான்.

பையன் சொன்னது சரிதான். ஏழாயிரம்பண்ணை சாம்ராஜ்யம் அல்ல, ஒரு பாளையம். மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தார்கள் என்பது வழங்கிவரும் வரலாறு. பாளையக்காரர் வரி வசூலிக்க வேண்டும், காவல் காக்க வேண்டும், கூப்பிட்டபோது படையோடு போக வேண்டும். நாயக்கர் போய் நவாப் வந்தார். நவாப் பட்ட கடனுக்குக் கம்பெனி வந்தது. 1792 உடன்படிக்கையில் பாளையங்களின் கப்பத்தை வசூலிக்கும் அதிகாரமும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. மேலே ஆட்டக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கீழே கரிசலில் விதைத்தவன் மட்டும் மாறவில்லை.

1799-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் மீது மேஜர் பானர்மன் படையெடுத்து வந்தார். அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பின் கம்பெனியார் பறிமுதல் செய்த பாளையங்கள் ஆறு: பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர், ஏழாயிரம்பண்ணை. கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று எல்லாப் பாளையங்களுக்கும் உத்தரவு பிறந்தது.

கம்ப்யூட்டர் விளையாட்டாக இருந்தால் இந்த இடத்தில் 'வெற்றி' என்ற எழுத்துக்கள் பளபளவென்று தோன்றும். ஆட்டம் முடிந்தது, எழுந்து போய்ச் சாப்பிடலாம். ஆனால் 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தபோது என்ன நடந்தது? தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களுக்குள் ஜனங்கள் மறுபடி எழுப்பி நிறுத்தினார்கள். மண் கோட்டைதான். அது மே மாதம் வரையில் கம்பெனிப் படைக்கு ஈடுகொடுத்து நின்றது. தோற்றுப் போனவர்கள் மறுநாளும் ஊரில் இருப்பார்கள் என்ற விஷயம் விளையாட்டுக்குத் தெரியாது.

இதையெல்லாம் மருமகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவனுடைய அப்பத்தா, என் தங்கையின் மாமியார், காப்பி கொண்டுவந்தாள். இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய கை அது. காப்பியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி நின்றாள். எதிரிக் குதிரைப் படை ஒன்று புகுந்து மரம் வெட்டிக்கொண்டிருந்த ஆட்களை வெட்டிச் சாய்த்தது. பையன் கவலைப்படவில்லை. மண்டபத்தைத் தட்டினான், ஓர் ஆளுக்கு 50 உணவு, புது ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து அதே மரத்தை வெட்டப் போனார்கள். பிறக்கும்போது கொடுக்கும் அந்த 50-தான். அதற்குப் பிறகு சாகிற வரையில் அவர்களுக்குச் சாப்பாடே கிடையாது!

"ஏய்யா, செத்துப்போனாங்களே, அவுக வீட்டுக்கு யாரு போய்ச் சொல்லுவா?" என்று கேட்டாள் அப்பத்தா.

"அவங்களுக்கு வீடே கிடையாது, அப்பத்தா" என்றான் பையன்.

அவள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "இங்கே ஒரு சத்தம் கேட்டா, தம்பி, ஊரே வாசலுக்கு வந்துரும். பயர் ஆபீஸ் வண்டி திரும்பி வந்தா, காலையிலே ஏறினவுக அத்தனை பேரும் எறங்குறாகளான்னு எண்ணுவோம்" என்றாள்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி, இந்த ஊருக்குப் பக்கத்தில் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

விளையாட்டில் ரசாயனம் என்று ஒரு வித்தை உண்டு. சர்வகலாசாலை கட்டி, கொஞ்சம் உணவும் பொன்னும் செலுத்திச் சிறிது நேரம் காத்திருந்தால் கைகூடிவிடும். அதற்குப் பிறகுதான் துப்பாக்கியும் பீரங்கியும். இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு அந்த வித்தை அப்படி வரவில்லை. மழை பொய்த்த கரிசல் காட்டை நம்பிப் பயனில்லை என்றுதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போனார்கள். உப்பும் கந்தகமும் கரியும் கலந்த வெடிமருந்து பாஞ்சாலங்குறிச்சியின் மண் சுவரை உடைத்தது. அந்த மருந்தின் வம்சத்தில் வந்த கலவைகளைத்தான், யாரோ ஒரு வீட்டுக் குழந்தையின் தீபாவளிக்காக, இன்று இங்கே கையால் அள்ளி அடைக்கிறார்கள்.

விளையாட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆளுகிறவனின் நாற்காலியிலிருந்து பார்த்தால் உலகம் எப்படித் தெரியும் என்பதை அது அப்பட்டமாகக் காட்டுகிறது. மரம், உணவு, பொன், கல், ஆள், எல்லாம் திரையின் மூலையில் ஓடும் எண்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் ஜனத்தொகைக்கு அதில் வழக்கமான வரம்பு 200. எங்கள் ஊருக்கோ பெயரிலேயே ஏழாயிரம்! கதை எழுதுகிற நானும் யோக்கியன் அல்ல. 'ஆயிரம் வீரர்கள் மாண்டனர்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு இளவரசியின் கண்ணீருக்கு இரண்டு அத்தியாயம் கொடுத்தவன்தான். அந்த ஆயிரம் பேரின் வீட்டுக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தீப்பெட்டி ஆபீசில் கை தேய்ந்த ஒரு கிழவி கேட்ட பிறகுதான் உறைத்தது.

ஊருக்குத் திரும்புமுன் மருமகனை வெம்பக்கோட்டைக்கு அழைத்துப் போனேன். வைப்பாற்றங்கரையில் 2022 முதல் தொல்லியல் துறையார் அகழ்ந்த மேடு அங்கே இருக்கிறது. சங்கு வளையல்களோடு சுடுமண்ணால் செய்த ஆட்டக்காய்களும் அங்கே கிடைத்திருக்கின்றன. எந்த அரசன் ஆண்டால் என்ன, வேலை முடிந்த மாலையில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து யாரோ இருவர் காய் நகர்த்தியிருக்கிறார்கள்.

பையன் வெகு நேரம் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ஏன் மாமா, பாளையத்தை எடுத்துக்கிட்டதுக்கு அப்புறம் நம்ம ஊர் ஆளுங்க என்ன செஞ்சாங்க?" என்று கேட்டான்.

அப்பத்தாவிடம் போய்க் கேள் என்றேன்.