இலங்கைக் குடியரசுத் தலைவர் தேர்தல், 2024: மாவட்டவாரி முடிவுகள்

விருப்புரிமை வாக்குமுறையின்கீழ் 2024 செப்டம்பர் 21 அன்று நடந்த இலங்கைக் குடியரசுத் தலைவர் தேர்தலில், 22 தேர்தல் மாவட்டங்களும் அளித்த முடிவுகளின் தொகுதி. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி வாக்காளர் மூவர் வரை விருப்பவரிசை குறிக்கலாம். எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாவிடின், முதலிருவர் நீங்கலாக ஏனையோர் விலக்கப்பட்டு, அவர்தம் சீட்டுகளிலுள்ள அடுத்த விருப்பங்கள் அவ்விருவர்க்கும் சேர்க்கப்படும். 1982 முதல் ஏட்டளவில் மட்டுமே இருந்துவந்த இவ்விதி இத்தேர்தலிலேயே முதன்முறையாகச் செயற்பட்டது.

முதற்கணக்கில் அனுர குமார திசாநாயக்க 42.31 சதவிகிதமும், சஜித் பிரேமதாச 32.76 சதவிகிதமும், ரணில் விக்கிரமசிங்க 17.27 சதவிகிதமும் பெற்றனர். தென்பகுதி, மேற்பகுதி உள்ளிட்ட 15 மாவட்டங்களில் திசாநாயக்க முதன்மை பெற, யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு, திகாமடுல்லை ஆகிய வடகிழக்கு மாவட்டங்களும், தோட்டத் தொழிலாளர் நிறைந்த நுவரெலியா, பதுளை மாவட்டங்களும் பிரேமதாசவை முன்னிறுத்தின. யாழ்ப்பாணத்து முடிவு தனிக் கவனத்திற்குரியது: தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் அங்கே இரண்டாமிடம் எய்தினார்.

இரண்டாங்கணக்கில் பிரேமதாசவுக்கு 1,67,867 வாக்குகளும் திசாநாயக்கவுக்கு 1,05,264 வாக்குகளுமே சேர்ந்தன. விலக்கப்பட்டோரின் சீட்டுகளுள் மிகப்பெரும்பாலானவை அடுத்த விருப்பம் அவ்விருவருள் எவர்க்கும் குறிக்கப்படாமையால் பயனற்றொழிந்தன. 57,40,179 வாக்குகளுடன் திசாநாயக்க தெரிவானார்.