இருதயக் கடினம்

உண்மையைக் கேட்டும் ஏற்க மறுப்பவர், நாளடைவில் அதை உணரும் திறனையே இழந்துவிடுவதைக் கிறிஸ்தவ இறையியல் இப்பெயரால் குறிக்கிறது. இங்கே மறுப்பே தண்டனையாகிவிடுகிறது. இடியும் நெருப்பும் தேவைப்படுவதில்லை.

இதன் வேர் பைபிளின் யாத்திராகமத்தில் உள்ளது. இஸ்ரவேலரை விடுவிக்க மறுத்த எகிப்திய மன்னன் பார்வோனின் இருதயம் 'கடினப்பட்டது' என்றும், கர்த்தர் அதைக் 'கடினப்படுத்தினார்' என்றும் அந்நூலில் மாறி மாறி வருகிறது. பிற்காலச் சர்ச்சை முழுவதும் இந்தத் தன்வினை, பிறவினை வேறுபாட்டுக்குள் அடங்கிவிடும். கர்த்தர் கடினப்படுத்துவார் என்ற முன்னறிவிப்பு தொடக்கத்திலேயே உண்டு. ஆனால் அவர் அப்படிச் செய்தார் என்று நூல் முதலில் சொல்வது எகிப்தின்மேல் வந்த வாதைகளில் ஆறாவதான கொப்புளங்களின்போதுதான். அதற்குள் பார்வோன் பலமுறை மறுத்திருந்தான்.

ஏசாயா 6ஆம் அதிகாரம் இன்னும் நெருடலானது. ஜனங்கள் உணராதபடி அவர்களுடைய இருதயத்தை மந்தமாக்கும்படி தீர்க்கதரிசிக்கே கட்டளை வருகிறது. எபிரேயத்தில் ஏவலாக உள்ள இதைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த், இருதயம் தானே மந்தமாகிவிட்டதாக மாற்றியது. மொழிபெயர்த்தவர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். சுவிசேஷகர்களும் ஒத்துப்போகவில்லை. இயேசு உவமைகளாகப் பேசுவது ஜனங்கள் உணராதிருக்கும்படிக்கு என்கிறார் மாற்கு. அவர்கள் உணராததால் என்கிறார் மத்தேயு.

பவுல் ரோமர் முதல் அதிகாரத்தில், சத்தியத்தை அடக்கிவைத்தவர்களைத் தேவன் 'ஒப்புக்கொடுத்தார்' என்று மூன்று முறை எழுதுகிறார். இரண்டாம் தெசலோனிக்கேயரோ, சத்தியத்தை நேசிக்காதவர்களுக்குத் தேவனே வஞ்சகத்தை அனுப்புவதாகச் சொல்கிறது.

3ஆம் நூற்றாண்டில் ஓரிகன் இதற்கு ஓர் உவமை சொன்னார்: ஒரே வெயில் மெழுகை உருக்குகிறது, சேற்றை இறுக்குகிறது. அழகான விளக்கம்தான், சேறு ஏன் சேறானது என்று கேட்காதவரை. கடினப்படுத்துவது என்பது இரக்கம் காட்டாமல் விட்டுவிடுவதே என்றார் அகுஸ்தீன். 1524இல் எராஸ்மஸ் ஓரிகனின் வழியில் மனித சித்தத்தின் சுதந்திரத்துக்காக வாதிட, அடுத்த ஆண்டே லூத்தர் கடுமையாக மறுத்தார். இருதயம் கடினப்படுவதைத் தேவன் வெறுமனே 'அனுமதித்தார்' என்ற சமாதானத்தைக் கால்வின் ஏற்கவில்லை.

1932இல் பைபிள் அறிஞர் சி. எச். டாட் தமது ரோமர் உரையில், பவுல் அங்கே சொல்லும் தேவகோபம் என்பது பாவத்தின் விளைவு தானே நிகழும் முறை என்று விளக்கினார்.

இக்கருத்துக்கு இருண்ட வரலாறும் உண்டு. ஏசாயாவின் சொற்களை யூதர்கள்மேல் மட்டும் சுமத்தி, அவர்களைக் கைவிடப்பட்ட இனமாகச் சித்திரிப்பது நெடுங்காலம் நடந்தது. யூதர்கள் கடவுளால் தள்ளப்பட்டவர்கள் என்று போதிக்கக் கூடாதெனக் கத்தோலிக்கத் திருச்சபை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழியாக, 1965இல் அறிவித்தது.