ரோம்ஃபோர்டுச் சந்தைக் குத்தகை

தென்கடல் கம்பெனியின் பங்குகள் 1720-இல் சரிந்தபோது, லண்டன் சான்ஸரி நீதிமன்றத்து அதிகாரிகள் கட்சிக்காரர்கள் ஒப்படைத்திருந்த பணத்தையும் அச்சூதாட்டத்தில் தொலைத்திருந்தனர் என்பதும், அவ்வுத்தியோகங்களை விலைக்கு விற்றவர் சான்சலர் மாக்கிள்ஸ்ஃபீல்டு பிரபுவே என்பதும் வெளிப்பட, அவர் 1725-இல் பாராளுமன்ற விசாரணைக்கு உள்ளாகி 30,000 பவுன் அபராதம் செலுத்த நேர்ந்தது.

அவர் ஸ்தானத்துக்கு வந்த கிங் பிரபுவின் முன் மறு வருஷமே ரோம்ஃபோர்டுச் சந்தை வழக்கு வந்தது. மைனர் பாலகனொருவனுக்காகச் சந்தைக் குத்தகையை நிர்வகித்த டிரஸ்டி, தவணை முடியுமுன் பாலகன் பெயரில் அதனைப் புதுப்பிக்க வேண்ட, நிலத்துக்குரியவர் மறுத்துவிடவே, தம் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டார். இதில் வஞ்சகம் ஏதும் நிரூபணமாகவில்லை. எனினும் உலகில் வேறு எவரும் பெறத்தக்க அக்குத்தகையை அவர் ஒருவர் மட்டும் பெறலாகாதென்று கூறி, அதையும் அதன் லாபத்தையும் பாலகனிடமே சேர்ப்பிக்கும்படி கிங் தீர்ப்பளித்தார். கடுமைதான், ஆனால் முந்திய வருஷத்து அவமானத்தை அறிந்த நீதிபதி வேறெவ்வாறு கூறியிருப்பார்?

இவ்விதி இந்தியாவில் 1882-ஆம் வருஷத்து டிரஸ்டு சட்டத்தின் 88-ஆவது பிரிவில் பங்காளி, ஏஜெண்டு, கம்பெனி டைரக்டர் ஆகியோரையும் கட்டுப்படுத்தியது. இங்கிலாந்திலோ, ஹேஸ்டிங்ஸ் நகரத்துச் சினிமாக் கம்பெனியொன்றின் டைரக்டர்கள், கம்பெனியால் வாங்க இயலாத பங்குகளைச் சொந்தப் பணத்தில் வாங்கி விற்றடைந்த லாபத்தை 1942-இல் பிரபுக்கள் சபை திருப்பித் தரச்செய்தது. அத்தொகையின் பலன், விநோதமாக, கம்பெனியை விலைக்கு வாங்கிய புதிய உடைமைக்காரர்களையே சேர்ந்தது.