கறுப்புக் கட்டைகளின் துள்ளல்

சென்ற வாரம், மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் முதலாளி பெர்ரி கோர்டியோடு மல்லுக்கு நின்று பாடகர் மார்வின் கே தன் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தை வெளியே கொண்டுவந்த கதையைப் பார்த்தோம். அந்த ஆல்பம் கடைகளுக்கு வந்தது 1971 மே மாதம். அதே மாதம் 13-ம் தேதி, மோட்டவுன் நிறுவனத்தின் இன்னொரு செல்லப்பிள்ளைக்கு 21 வயது நிறைந்தது. டெட்ராய்ட்டில் இருந்த தன் மாளிகையில் கோர்டி அவருக்கு விருந்து வைத்துக் கொண்டாடினார். லாஸ் ஏஞ்சலிஸ் திரும்பியவருக்கு வக்கீல் கடிதம் காத்திருந்தது. பிள்ளைப் பருவத்தில் கையெழுத்தான ஒப்பந்தங்கள் எதுவும் இனி தன் கட்சிக்காரரைக் கட்டுப்படுத்தாது என்றது கடிதம். கோர்டி தன் சுயசரிதையில் இந்த அதிர்ச்சியை எழுதியிருக்கிறார்.

அந்தக் கட்சிக்காரர் ஸ்டீவி ஒண்டர்.

1950-ல் மிச்சிகன் மாநிலத்தின் சாகினா நகரில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தவர். உயிரைக் காப்பாற்ற வைத்த இன்குபேட்டரில் அளவுக்கு மீறிப் பாய்ந்த ஆக்சிஜன் அவருடைய பார்வையைப் பறித்துவிட்டது. குடும்பம் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. மவுத் ஆர்கன், பியானோ, டிரம்ஸ் எனக் கையில் கிடைத்த கருவிகளையெல்லாம் வாசிக்கப் பழகிய அந்தச் சிறுவனை 11 வயதில் மோட்டவுன் எடுத்துக்கொண்டது. 'லிட்டில் ஸ்டீவி ஒண்டர்' என்று பெயர் சூட்டியது. மேடையிலேயே பதிவான 'ஃபிங்கர்டிப்ஸ்' 1963-ல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது அவருக்கு வயது 13.

அதன் பிறகு வெற்றிகளுக்குக் குறைவில்லை. 'அப்டைட்', 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்', 'மை ஷெரி அமோர்' எல்லாம் இன்றைக்கும் வானொலியில் ஒலிப்பவை. ஆனால் அவை ஒரு தொழிற்சாலையின் வெற்றிகள். கோர்டி ஒரு காலத்தில் லிங்கன்-மெர்க்குரி கார் ஆலையில் வேலை பார்த்தவர். பாட்டுக் கம்பெனியையும் அதே முறையில் கட்டியிருந்தார். எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். வெஸ்ட் கிராண்ட் பொலிவார்டு வீட்டின் சிறிய ஸ்டுடியோவில் 'ஃபங்க் பிரதர்ஸ்' என்ற வாத்தியக் குழு வாசிக்கும். பாடகர் வந்து மேலே குரலை வைப்பார். எந்தப் பாட்டு கடைக்குப் போகலாம் என்று ஒரு கூட்டம் வாக்கெடுத்து முடிவு செய்யும். பென்னி பெஞ்சமினின் டிரம்ஸும் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸும் அடித்தளமிட, ஸ்டீவி மேலே நின்று பாடினார். பெஞ்சமின் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவர் டிரம்ஸின் நுணுக்கங்களைக் கற்றார் என்பது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இந்த நேரத்தில் வெளியே காற்று திசை மாறியிருந்தது. சோல் இசையில் நான்கு அடித் தாளத்தின் இரண்டாம், நான்காம் அடிகளில்தான் கைதட்டல் விழும். தேவாலயத்திலிருந்து வந்த பழக்கம் அது. ஜேம்ஸ் பிரவுன் அந்தப் பாரத்தை முதல் அடிக்கு மாற்றினார். 1967-ல் வந்த அவருடைய 'கோல்ட் ஸ்வெட்' பாட்டில் கிட்டார், பித்தளைக் குழல்கள், பாடகரின் உறுமல் என எல்லாமே தாள வாத்தியமாகிவிட்டன. மெட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். உடம்பு மட்டும் தானாக ஆடும். இதற்குப் பெயர்தான் ஃபங்க். 1971 இறுதியில் வெளியான ஸ்லை ஸ்டோனின் 'தேர்ஸ் எ ரயட் கோயிங் ஆன்' அந்த ஃபங்கை இன்னும் இருட்டான, ஆறப்போட்ட நடைக்குக் கொண்டுபோனது. மோட்டவுனின் பளபளப்பான பாட்டுகள் இவற்றுக்குப் பக்கத்தில் வயதானவையாகத் தெரிந்தன.

கடிதம் போன அதே மே மாதக் கடைசி. நியூயார்க் 57-வது தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கட்டடத்தில் மீடியா சவுண்ட் என்ற ஸ்டுடியோ இருந்தது. மால்கம் செசில் என்ற ஆங்கிலேய ஜாஸ் பேஸ் கலைஞர் அங்கே இரவுநேரப் பராமரிப்புப் பொறியாளர், குடியிருப்பும் மேல்மாடியில்தான். நண்பர் ஒருவர் அழைத்துவர, ஸ்டீவி ஒரு நாள் அவர் வாசலில் வந்து நின்றார். ஸ்டீவியின் கையிடுக்கில் 'ஜீரோ டைம்' என்ற இசைத்தட்டு. செசிலும் ராபர்ட் மார்கோலெஃப் என்பவரும் சிந்தசைசரை மட்டும் வைத்துச் செய்த ஆல்பம் அது. இந்தச் சத்தமெல்லாம் ஒரே கருவியிலிருந்தா வருகிறது, எனக்குக் காட்டுங்கள் என்பதுதான் ஸ்டீவி கேட்டது.

அந்தக் கருவியின் பெயர் டான்ட்டோ. பல கம்பெனிகளின் சிந்தசைசர்களை ஒன்றோடொன்று ஒயரால் இணைத்து, ஒரு அறையை நிறைக்கும் அளவுக்கு வளைந்த மரப் பெட்டிகளில் அடைத்து அந்த இருவரும் கட்டிய ராட்சசன். பொத்தான்களையும் ஒயர்களையும் அவர்கள் மாற்றி மாற்றிச் செருக, ஸ்டீவி கட்டைகளில் விரல் வைப்பார். அந்த வார இறுதிக்குள் 17 பாட்டுகள் பதிவாகிவிட்டன என்று செசில் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பிறகு மூவரும் கிரீன்விச் வில்லேஜில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டிய எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவுக்கு இடம் மாறினார்கள். ஹென்ட்ரிக்ஸ் அதைத் திறந்த சில வாரங்களிலேயே இறந்துபோயிருந்தார்.

அங்கே அவர்கள் செய்த ஒரு சின்ன ஏற்பாட்டை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். டிரம்ஸ், பியானோ, கிளாவினெட், சிந்தசைசர் எல்லாவற்றையும் வட்டமாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் மைக்கும் ஒயரும் இணைத்து எப்போதும் தயாராக வைத்தார்கள். ஒரு கருவியில் தோன்றிய எண்ணம் ஆறிப்போவதற்குள் ஸ்டீவி அடுத்த கருவிக்குப் போய்விடலாம். யாரும் வந்து கையைப் பிடித்து அழைத்துப்போகத் தேவையில்லை. மோட்டவுனில் ஐந்தாறு பேர் சேர்ந்து போட்ட தளத்தை இங்கே ஒருவரே போடத் தொடங்கினார்.

கோர்டியோடு புதிய ஒப்பந்தம் பேசியவர் ஜோஹனன் விகோடா என்ற வழக்கறிஞர். ஏறத்தாழ 120 பக்கம் கொண்ட அந்த ஒப்பந்தத்தின் சாரம் இரண்டு: பாட்டுகளின் உரிமையில் ஸ்டீவிக்குச் சொந்தப் பங்கு உண்டு, என்ன பதிவு செய்வது என்பதை அவரே முடிவு செய்வார். வாக்கெடுப்புக் கூட்டம் இனி அவர் பாட்டைத் தொட முடியாது.

சுதந்திரம் கிடைத்ததும் வந்த 'மியூசிக் ஆஃப் மை மைண்ட்' (1972 மார்ச்) தேடல் நிறைந்த ஆல்பம். ஆனால் புதுக் கருவி கிடைத்த மயக்கம் அதில் தெரிகிறது. சில பாட்டுகள் எங்கே முடிவது என்று தெரியாமல் நீள்கின்றன. அந்தக் கோடையில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அவர்களுக்கு முன்னால் மேடையேறும் வாய்ப்பு வந்தது. வந்திருந்த கூட்டம் பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள். தன்னைக் கேட்க வராத ஆயிரக்கணக்கானோரைத் தாளத்தால் மட்டுமே பிடித்து நிறுத்த வேண்டியிருந்த அந்த இரவுகள் அவருக்கு ஒரு பள்ளிக்கூடமாக இருந்திருக்கும் என்றே நம்புகிறேன். அக்டோபரில் அடுத்த ஆல்பமான 'டாக்கிங் புக்' வந்தபோது அதில் தளர்ச்சி இல்லை.

அதன் நடுநாயகம் 'சூப்பர்ஸ்டிஷன்'. ஆங்கிலேய கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக், ஸ்டீவியின் ஆல்பத்தில் வாசிக்க ஆசைப்பட்டார். பதிலுக்கு ஒரு பாட்டு எழுதித் தருவதாகப் பேச்சு. அப்படிப் பிறந்ததுதான் இது. டிரம்ஸை முதலில் பதிவு செய்தார் ஸ்டீவி. முழுப் பாட்டும் தலைக்குள் ஓட, துணைக்கு வேறு எந்த வாத்தியமும் இல்லாமல். இசைத்தட்டிலும் அந்த டிரம்ஸ்தான் தனியாக முதலில் கேட்கும். ஜால்ராபோல ஒன்றன்மேல் ஒன்று மோதும் ஹை-ஹாட் தட்டுகளை மட்டும் கவனித்துக் கேளுங்கள். ஒரு சுற்றில் அடித்ததை அடுத்த சுற்றில் அப்படியே அடிப்பதில்லை. எங்கோ ஒரு அடி கூடுகிறது, எங்கோ திறந்து மூடுகிறது. பெஞ்சமினிடம் கற்ற மோட்டவுன் கை அது. ஆனால் எந்த மோட்டவுன் பாட்டும் அந்தக் கையை இவ்வளவு நேரம் திறந்த வெளியில் விட்டதில்லை.

அடுத்து வருகிறது கிளாவினெட். மவுத் ஆர்கனுக்குப் பேர்போன ஜெர்மனியின் ஹோனர் கம்பெனி தயாரித்த கருவி. சிறுவயதில் ஸ்டீவி ஊதிய மவுத் ஆர்கனைச் செய்த கம்பெனியின் கட்டைகளில்தான் இப்போது விரல் வைத்தார். பழைய ஐரோப்பிய கிளாவிகார்டை மின்சாரத்தில் வாசிக்க உருவானது அது. கட்டையை அழுத்தினால் கீழே ரப்பர் முனை ஒன்று கம்பியை உலோகத்தின் மேல் அமுக்கும். அந்தச் சத்தத்தை கிட்டாரில் இருப்பதுபோன்ற பிக்கப் வாங்கிக்கொள்ளும். விரலை எடுத்த கணமே ஒலி செத்துவிடும். பாக் காலத்து இசையை வீட்டில் வாசிக்க நினைத்தவர்களுக்கு அது குறை. ஃபங்குக்கோ அதுவே வரம். இரண்டு சுரங்களுக்கு நடுவில் விழும் மௌனமும் தாளத்தின் ஒரு அடியாகிவிடுகிறது. 1968-லேயே ஒரு பாட்டில் ஸ்டீவி இதைப் பயன்படுத்தியிருக்கிறார். இப்போதுதான் அதன் குணத்தை முழுவதும் கண்டார். ஒரு கிளாவினெட் வரிசைமேல் இன்னொன்றைப் பதிவு செய்து, ஒன்று விட்ட இடைவெளியில் மற்றது விழும்படி பின்னினார்.

கீபோர்டு வாசிக்கிறவர்கள் இந்தக் கிளாவினெட் துண்டை முயன்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். பாட்டின் சுருதி ஈ-ஃபிளாட். மையத் துண்டு அந்த ஆதாரத்திலிருந்து எழும் ஐந்து சுரங்களைச் சுற்றியே அமைந்தது. ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம்: நம் சுத்த தன்யாசியின் அதே ஐந்து. ஈ-ஃபிளாட்டில் அவை அத்தனையும் கறுப்புக் கட்டைகள். மேடாக நிற்கும் கட்டைகளின் மேல் விரல்கள் வழுக்கி, எம்பி, அடுத்ததில் விழும். துள்ளல் பாதி அங்கேதான் இருக்கிறது. ராக பாவம் எதுவும் இதில் இல்லை, அது வேறு உலகம். ஆனாலும் நம் காதுக்கு இந்தத் துண்டு முதல் தடவையிலேயே ஒட்டிக்கொள்வதற்கு அந்த ஐந்து சுரங்களும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பேஸ் கிட்டாரும் கிடையாது. அடியில் உருள்வது சிந்தசைசர். கிட்டாரே இல்லை. வெளியாள் என்றால் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் வாசித்த இருவர் மட்டும். ஃபங்க் என்றால் ஒரு கூட்டம் சேர்ந்து வாசிப்பது என்று ஜேம்ஸ் பிரவுன் நிறுவியிருந்தார். தவறினால் தன் வாத்தியக்காரர்களுக்கு அபராதம் போடுவார். இங்கே ஒரே மனிதர் தன்னோடு தானே உரையாடுகிறார். டிரம்ஸ் கொஞ்சம் பின்தங்கினால் கிளாவினெட்டுக்குத் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் இரண்டு கையும் ஒருவருடையது. இந்த ஆல்பத்தின் ஃபங்க், காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்ட சட்டை இல்லை. தளம் முழுவதும் அவர் கைக்கு வந்ததால் முளைத்தது.

இது வெற்றிப்பாட்டு என்பதை மோட்டவுன் உடனே மோப்பம் பிடித்தது. பெக்கின் பதிவு வருமுன் ஸ்டீவியின் பதிவைத் தனித்தட்டாக வெளியிட்டது. பெக்குக்கு அதில் கசப்பு இருந்தது. அவர் குழுவின் பதிவு 1973-ல்தான் வந்தது. ஆனாலும் 'டாக்கிங் புக்'கில் 'லுக்கிங் ஃபார் அனதர் ப்யூர் லவ்' பாட்டில் பெக்கின் கிட்டார் ஒலிக்கிறது. பின்னர் ஸ்டீவி கொடுத்த இன்னொரு பாட்டு பெக்கின் மிகச் சிறந்த வாசிப்புகளில் ஒன்றானது.

'டாக்கிங் புக்'கில் ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடும் 'மேபி யுவர் பேபி' இன்னும் கனமான சேறு. அதில் கிட்டார் வாசித்த ரே பார்க்கருக்கு அப்போது 18 வயது. 'பிக் பிரதர்' மெதுவானது, கோபமானது. தேர்தல் நேரத்தில் மட்டும் ஏழைக் கறுப்பர்களின் தெருவை எட்டிப்பார்க்கும் அதிகாரத்தை நோக்கிப் பேசுகிறது. அதிபர் தேர்தலில் நிக்சன் மறுபடி வென்ற நவம்பர் 7-ம் தேதிக்குச் சில நாட்கள் முன்புதான் ஆல்பம் வந்தது.

காதல் பாட்டுகளை மறந்துவிடக் கூடாது. சிரீட்டா ரைட்டோடு நடந்த திருமணம் அந்த ஆண்டுதான் முறிந்தது. ஆனாலும் 'பிளேம் இட் ஆன் த சன்' இருவரும் சேர்ந்து எழுதியது. பிரிந்த பிறகும் அவர்கள் ஒருவருக்கொருவர் பாட்டு செய்தார்கள். மோட்டவுன் நாட்களில் ஸ்டீவி முதல் வரியிலேயே உச்சத்துக்குப் போய்விடுவார். இங்கே பேசுகிற குரலில் தொடங்குகிறார், உச்சத்தை இருப்பில் வைத்துக்கொள்கிறார். ஆல்பத்தின் முதல் பாட்டான 'யூ ஆர் த சன்ஷைன் ஆஃப் மை லைஃப்'பின் முதல் வரிகளை ஜிம் கில்ஸ்ட்ராப்புக்கும் லானி க்ரோவ்ஸுக்கும் கொடுத்துவிட்டு, பிறகுதான் தான் நுழைகிறார். தன் பேர் போட்ட ஆல்பத்தின் வாசலில் வேறு இருவரை நிறுத்த 22 வயதில் எவ்வளவு தன்னம்பிக்கை வேண்டும்!

அட்டைப்படத்தை எடுத்தவர் மார்கோலெஃப். பின்னிய தலைமுடி, நீண்ட அங்கி, வெறும் மண்ணில் ஸ்டீவி உட்கார்ந்திருக்கிறார். கறுப்புக் கண்ணாடி இல்லை. முதல் பதிப்பின் உறையில் பிரெய்ல் எழுத்துகள் மேடாக அச்சாகியிருந்தன. அவரைப் போன்ற ரசிகர்கள் விரலால் தொட்டுப் படிக்கலாம்.

1973 ஜனவரி 27 தேதியிட்ட பில்போர்டு பட்டியலில் 'சூப்பர்ஸ்டிஷன்' முதலிடம். 'ஃபிங்கர்டிப்ஸ்'க்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் முதலிடம் அதுதான். மே மாதம் 'சன்ஷைன்' அதே இடத்தைத் தொட்டது. ஆல்பம் பொதுப் பட்டியலில் மூன்றாம் இடம்வரை ஏறியது. ஒற்றைப் பாட்டுகளை விற்கவே கட்டப்பட்ட மோட்டவுன், முழு ஆல்பமாக யோசிக்கும் ஒரு கலைஞரை நம்பிப் பிழைக்கக் கற்றுக்கொண்டது. 1974 மார்ச் கிராமி விழாவில் 'சூப்பர்ஸ்டிஷன்' இரண்டு விருதுகளும் 'சன்ஷைன்' ஒரு விருதும் வாங்கின. ஆனால் அந்த மேடைக்கு அவர் உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிய விஷயம். அடுத்த ஆல்பமான 'இன்னர்விஷன்ஸ்' வெளியான மூன்றாவது நாள், 1973 ஆகஸ்ட் 6-ம் தேதி, வட கரோலினாவின் நெடுஞ்சாலையில் அவர் பயணம் செய்த கார் மரக்கட்டை ஏற்றிய லாரியோடு மோதியது. அந்த விபத்தையும் அதற்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளையும் அடுத்த வாரம் பார்க்கலாம்.