சுழற்பாதையும் அதன் காவலும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலிருந்து படுவான்கரை செல்வோர் நெடுங்காலம் ஓடத்துறைகளையே பெரிதும் நம்பியிருந்தனர். மண்முனைத் துறைக்குப் பாலம் வாய்த்தது 2014ஆம் ஆண்டிலேயாம். அதற்கு முற்பட்ட ஒரு மாரியில், வெள்ளத்தால் இரு துறைகளில் ஓடம் நின்றுவிட்டது எனக் கொள்வோம். குருக்கள்மடத் துறையினர், மண்முனையில் ஓடம் உண்டென எண்ணி வழிப்போக்கனை அங்கு அனுப்புவர். மண்முனையினரும் அவ்வாறே எண்ணி அவனைத் திருப்பி அனுப்புவர். எவரும் பொய்யுரைத்திலர், எனினும் அவன் கரைசேரான். பழைய செய்தியை நம்பி ஒருவரையொருவர் சுட்டும் இந்நிலையே கணினி வலையமைப்பிற் சுழற்பாதை எனப்படும்.

இணையத்தை வகுத்தோர் இவ்விடரை முன்னரே உணர்ந்திருந்தனர். 1981இல் வெளியான இணைய நடப்பொழுங்கு, ஒவ்வொரு தரவுப் பொதிக்கும் 255ஐ விஞ்சாத ஓர் ஆயுள் எண்ணை விதித்தது. வழிப்படுத்தி ஒன்றைக் கடக்குந்தோறும் அவ்வெண் ஒன்றேனும் குறையும். பூச்சியமாயின் பொதி அழிக்கப்படும். இம்முறை சுழற்சியைத் தடுப்பதன்று. அதற்கு ஓர் எல்லை இடுவதேயாம்.

1990களிற் புதிய சிக்கல் தோன்றிற்று. வழிப்படுத்திகள் ஒவ்வொரு பொதியின் முகவரியையும் ஆராய்ந்து அனுப்பியமையால் வேகம் குன்றிற்று. ஏ.ரி.எம். ஆளிகளோ, 53 பைற்று அளவான கலங்களைத் தலைப்பிலுள்ள சிற்றெண்ணை மட்டும் நோக்கி விரைந்து கடத்தின. ஆளியின் விரைவையும் வழிப்படுத்தியின் அறிவையும் ஒன்றிணைக்க இப்சிலோன் முதலிய நிறுவனங்கள் முயன்றன. ஆயின் கலத்தின் 5 பைற்றுத் தலைப்பில் ஆயுள் எண்ணுக்கு இடமில்லை. ஆளிகளினூடே சுழற்பாதை அமைந்துவிடின், கலங்கள் ஓயாது சுழன்று பிறர் செய்திக்குரிய இடத்தையும் கவர்ந்துகொள்ளும். விரைவைப் பெற்றோர் காவலை இழந்தனர்.

ஐ.பீ.எம். நிறுவனத்தார் வகுத்த ஏரிஸ் முறை இதற்கு ஒரு விடை கண்டது. அம்முறையிற் பாதை, சேருமிடத்திலிருந்து பின்னோக்கி அமைக்கப்படும். பாதை அமைக்கும் செய்தியில், அது கடந்துவரும் ஒவ்வோர் ஆளியும் தன் அடையாளத்தைப் பொறிக்கும். தன் அடையாளம் ஏற்கெனவே அதில் இருக்கக் காணும் ஆளி அப்பாதையை ஏற்காது. துறைகளை வைத்துக் கூறின், “ஓடம் உண்டு” என்னும் செய்தி எவரெவர் வாய்வழி வந்தது என்ற பட்டியலும் உடன்வரும். அதிலே தம் பெயரைக் காணும் மண்முனையினர், தாம் சொன்னதே தம்மிடம் மீண்டது எனத் தெளிவர்.

2001 ஜனவரியில் வெளியான எம்.பி.எல்.எஸ். நியமங்கள் இரு காவலையும் பேணின. பொதியின்மேல் இடப்படும் 32 பிற்றுச் சுட்டியில் 20 பிற்று வழிகாட்டும் எண்ணுக்கும், 8 பிற்று ஆயுள் எண்ணுக்கும் ஒதுக்கப்பட்டன. ஆயுள் எண்ணுக்கு இடமில்லாத ஆளிகளுக்கென, கடந்துவந்த கணுக்களின் பட்டியலைச் சோதிக்கும் முறையும் வகுக்கப்பட்டது.

1986இல் வந்தாறுமூலையில் நிறுவப்பட்ட கிழக்குப் பல்கலைக்கழகம் இன்று இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியே உலகோடு உரையாடுகின்றது. அவ்வுரையாடல் இடையிற் சுழன்றழியாது கரைசேர்வது தற்செயலன்று. விரைவை நாடிய காலத்திலும், ஒரு செய்தியை நம்புமுன் அது வந்த வழியை வினவவேண்டும் என வற்புறுத்திய அறிஞர்தம் உழைப்பின் பயனே அது.