தோற்றவர்களோடு விடியும்வரை இருந்த தலைவன்

நடக்கவிருக்கும் ஒன்றை நடந்து முடிந்ததாக அச்சேற்றுவது பத்திரிகைத் தொழிலில் மன்னிக்க முடியாத பிழை. அச்சு நேரம் நெருக்கும்போது அந்த ஆசை எவருக்கும் வரும், எனக்கும் வந்ததுண்டு. அவ்வேளைகளில் எல்லாம் நான் நினைத்துக்கொள்வது 1950ஆம் ஆண்டு யூலை 16ஆம் திகதி ரியோ டி ஜனைரோவில் வெளியான 'ஓ முண்டோ' என்ற பத்திரிகையைத்தான். பிரேசில் உதைபந்தாட்ட அணியின் படத்தைப் போட்டு, உலக வெற்றியாளர்கள் இவர்களே என்று அது அறிவித்திருந்தது. உலகக் கிண்ணத்தின் கடைசிப் போட்டி அன்று பிற்பகலிலேதான் நடைபெறவிருந்தது.

அப்பத்திரிகையின் பிரதிகளை உருகுவே அணியின் தலைவர் விடுதிக் குளியலறைத் தரையில் விரித்துத் தன் சகாக்களை அழைத்தார் என்று ஒரு கதை உண்டு. அதன்மேல் அவர்களை என்ன செய்யச் சொன்னார் என்பதை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம். அந்தத் தலைவரின் பெயர் ஒப்துலியோ வரேலா. அவரது வெற்றியைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. வெற்றிக்குப் பிந்திய அந்த இரவைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன். எனினும், அவ்விரவை விளங்கிக்கொள்ள அவர் வந்த வழியை அறிந்திருக்க வேண்டும்.

வரேலா 1917ஆம் ஆண்டு மொன்டிவிடியோ நகரில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஆபிரிக்க இரத்தமும் ஐரோப்பிய இரத்தமும் அவரில் கலந்திருந்தன. சிறுவயதிலேயே பள்ளிப்படிப்பு நின்றுபோக, தெருவில் பத்திரிகை விற்றுப் பிழைத்தார். 1938இல் வொண்டரர்ஸ் கழகத்திலும், 1943 முதல் புகழ்பெற்ற பெனரோல் கழகத்திலும் விளையாடினார். அக்காலத்தில் 'சென்ரர் ஹாஃப்' எனப்பட்ட நடுக்கள வீரரின் இடம் அவருடையது. பின்னால் காவலும் முன்னால் தாக்குதலும் அந்த இடத்திலேதான் இணையும். விரைந்து ஓடுபவர் அல்லர் வரேலா. ஆனால் ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவர் அவராகவே இருந்தார். 'கறுப்புத் தலைவன்' என்பது மக்கள் அவருக்கு இட்ட பெயர்.

1948ஆம் ஆண்டு உருகுவேயின் தொழில்முறை வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தமது சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், கழகங்கள் வீரர்களைத் தமது உடைமைபோல் நடத்துவது நிற்க வேண்டும் என்பன அவர்களது கோரிக்கைகள். போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது. அவ்வாண்டின் தேசியப் போட்டித்தொடர் முடிவுறாமலே நின்றுபோனது. போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் வரேலா. பின்னாளில் பெனரோல் கழகம் சட்டையில் வணிக விளம்பரம் பொறித்தபோது, பத்துப் பேர் அதனை அணிந்து களமிறங்க, அவர் மட்டும் பழைய சட்டையுடனேயே ஆடினார் என்பர். கறுப்பர்களை மூக்கணாங்கயிறு பிடித்து இழுத்துச் சென்ற காலம் போய்விட்டது என்பதே அதற்கு அவர் சொன்ன விளக்கமாம்.

இனி 1950க்கு வருவோம். அவ்வுலகக் கிண்ணத்தில் இறுதிப்போட்டி என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. நான்கு நாடுகள் ஒன்றோடொன்று மோதும் சுற்றே கிண்ணத்தைத் தீர்மானித்தது. பிரேசில் சுவீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் நொறுக்கியிருந்தது. உருகுவேயோ ஸ்பெயினுடன் 2-2 எனச் சமநிலை கண்டு, சுவீடனை 3-2 என அரும்பாடுபட்டு வென்றிருந்தது. ஸ்பெயினுக்கெதிராகச் சமநிலைக் கோலைப் போட்டவர் வரேலாவே. கடைசிப் போட்டியில் பிரேசிலுக்குச் சமநிலையே போதுமானது. மரக்கானா அரங்கில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் திரண்டிருந்தார்கள். உருகுவேயின் அதிகாரிகள் சிலர், பெரிய அளவில் தோற்காமல் இருந்தாலே போதும் என்று எண்ணினார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

இடைவேளைக்குப் பின் 47ஆம் நிமிடத்தில் பிரியாசா பிரேசிலின் கோலைப் போட்டார். அரங்கம் அதிர்ந்தது. அப்போது வரேலா பந்தை எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக நடந்து வந்தார். அது 'ஓஃப் சைட்' என்று ஆங்கிலேய மத்தியஸ்தர் ஜோர்ஜ் ரீடருடன் வாதிட்டார். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார். அந்தக் கோல் மாறப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அரங்கின் வெறி தணிய வேண்டும், தன் வீரர்கள் மூச்சு வாங்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது ஆரவாரம் அடங்கியிருந்தது. 66ஆம் நிமிடத்தில் ஸ்கியாபினோ, 79ஆம் நிமிடத்தில் கிஜியா. உருகுவே 2, பிரேசில் 1.

பிபாவின் தலைவர் யூல்ஸ் ரிமே, பிரேசிலைப் பாராட்டும் உரையைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அணிவகுப்பும் இல்லை, தேசிய கீதமும் இல்லை. நெருக்கடிக்குள் வரேலாவைத் தேடிப்பிடித்து, கிண்ணத்தைக் கையில் கொடுத்துக் கைகுலுக்கினார். அவ்வளவுதான்.

அன்றிரவு வரேலா விடுதியில் இருந்து கொண்டாடவில்லை. பின்னாளில் ஆர்ஜென்ரீன எழுத்தாளர் ஒஸ்வால்டோ சொரியானோவிடம் அவரே அதனைச் சொல்லியிருக்கிறார். மதுச்சாலை ஒன்றுக்குப் போனார். அங்கே எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு பெருவிழாவுக்கு ஆயத்தமாகியிருந்த எளிய மக்கள் அவர்கள். களத்தில் அவர்களைப் பகைவர்களாகவே பார்த்தவர், அருகிலிருந்து பார்த்தபோது இந்தத் துயரத்தைக் கொடுத்தவன் நான்தானே என்று கலங்கினார். ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டபோது, தன்னை அடித்துக் கொல்லப்போகிறார்கள் என்றே நினைத்தார். அவர்களோ அவரைக் கட்டியணைத்தார்கள். தம்முடன் குடிக்க அழைத்தார்கள். விடியும்வரை அவர்களோடிருந்தார்.

பரிசுப் பணத்தில் வாங்கியது 1931ஆம் ஆண்டின் பழைய ஃபோர்ட் கார் ஒன்று. அதுவும் ஒரு வாரத்தில் களவு போயிற்று என்று அவரே கூறியிருக்கிறார். 1954இல், தமது 36ஆவது வயதில், சுவிற்சர்லாந்தில் மீண்டும் அணியை வழிநடத்தினார். இங்கிலாந்துக்கெதிராக ஒரு கோல் போட்டுக் காயமுற்றார். அவரில்லாத உருகுவே அரையிறுதியில் ஹங்கேரியிடம் 4-2 எனத் தோற்றது. அவர் ஆடிய உலகக் கிண்ணப் போட்டி ஒன்றிலேனும் உருகுவே தோற்றதில்லை. 1955இல் ஓய்வுபெற்ற அவர், 1996 ஓகஸ்ட் 2ஆம் திகதி மொன்டிவிடியோவில் காலமானார். செல்வம் எதையும் சேர்த்திருக்கவில்லை. மரக்கானாவைப் பற்றிப் பேச அழைத்தோரிடமிருந்து பெரும்பாலும் விலகியே வாழ்ந்தார்.

இவ்வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எதிரணியின் தலைவனைக் கட்டியணைத்த அதே பிரேசில், கிஜியாவின் பந்தைத் தடுக்கத் தவறிய தன் கோல் காப்பாளர் பர்போசாவை மன்னிக்கவே இல்லை. தன் நாட்டில் எந்தக் குற்றத்துக்கும் முப்பது ஆண்டுகளே அதிகபட்சத் தண்டனை, தனக்கோ ஐம்பது ஆண்டுகள் என்று மனம்நொந்து கூறிய அம்மனிதர் 2000ஆம் ஆண்டில் இறந்தார்.

வெற்றி விழாக்களைப் பற்றி நிறைய எழுதிய கை என்னுடையது. வென்றவர்களின் மேடையைப் பார்த்தே நாம் எப்போதும் எழுதுகிறோம். தோற்றவர்களின் வீடு நம் கண்ணில் படுவதில்லை. களத்தில் வரேலா எதிரணிக்கு இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. களத்துக்கு வெளியே, தான் வென்ற மக்களின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு இருந்தது. போட்டிகளை வென்ற தலைவர்களை வரலாறு நிறையவே கண்டிருக்கிறது. வென்ற இரவிலே தோற்றவர்கள் அழும் இடத்துக்குப் போய் அமர்ந்தவர்கள் மிகச் சிலரே.