ஏட்டிலும் திரையிலும் கல்லிலும் குந்தவை

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், வரலாறு தொடர்பான கட்டுரை ஒன்றை மலருக்குத் தருமாறு பொறுப்பாளர்கள் பணித்தனர். எதை எழுதுவது என்று எண்ணியபோது, சென்ற சில ஆண்டுகளாக என் வகுப்பறையில் அடிக்கடி எழும் ஒரு வினாவே முன்வந்து நின்றது. “அம்மா, நந்தினி எந்தக் கல்வெட்டில் இருக்கிறாள்?” என்பது அவ்வினா. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படமாக வெளிவந்த பின்னர் மாணவியர் கேட்கத் தொடங்கிய வினா இது. நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்று விடை கூறும்போதெல்லாம் அவர்கள் முகம் வாடுவதைக் காண்கிறேன். பதினோராம் வயதில் இதே விடையைக் கேட்டு நானும் வாடியவள்தான். ஆகவே இக்கட்டுரையை அவர்களுக்கான விடையாகவும் எனக்கான விடையாகவும் எழுத முற்படுகிறேன்.

தறியருகே கேட்ட கதை

எங்கள் இல்லம் ஆரணியில் பட்டு நெய்த இல்லம். என் தாய்வழிப் பாட்டனார் கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ மறுமுறை வெளிவந்தபோது, தாள்களை வாரந்தோறும் பிரித்தெடுத்துத் தைத்து, ஐந்து பாகங்களாகக் கட்டி வைத்திருந்தார். அட்டைக்குப் பழைய பாவுக் கணக்கு நோட்டின் அட்டையே பயன்பட்டது. தந்தையார் குழித்தறியில் அமர்ந்திருப்பார். தாயார் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பார். எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே அறிந்த தாயாருக்காக நான் உரக்கப் படிப்பேன். தறியின் ஓசையை மீறிக் குரல் எழுப்ப வேண்டியிருக்கும். அறுந்த இழையைத் தந்தையார் முடிச்சிடும் நேரங்களில் மட்டும் வீடு அமைதியாகும். கதையின் முக்கியமான இடங்களை அந்த அமைதிக்காக நிறுத்தி வைத்துப் படித்ததும் உண்டு.

அந்நாளில் அது எனக்கு வரலாற்றுக் கதையாகத் தோன்றவில்லை. மாயக் கதையாகவே தோன்றியது. வால்நட்சத்திரம், சுரங்க வழி, பாதாளச் சிறை, நள்ளிரவில் தோன்றும் ஊமை ராணி எனக் குழந்தை மனம் விரும்பும் அனைத்தும் அதில் இருந்தன. குடந்தைச் சோதிடரும் அம்புலிமாமாவின் வேதாளமும் எனக்கு ஒரே நாட்டு மக்களாகவே பட்டனர். கதையில் வரும் அரசர்கள் உண்மையில் வாழ்ந்தவர்கள் என்பதைப் பின்னர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் வாயிலாக அறிந்தபோது வியப்பும், நந்தினி வாழ்ந்தவள் அல்லள் என்றறிந்தபோது ஏமாற்றமும் ஒருங்கே அடைந்தேன்.

கதை திரைக்கு வந்த வழி

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் 29-ஆம் நாள் தொடங்கி 1954 மே 16-ஆம் நாள் வரை கல்கி வார இதழில் தொடராக வெளிவந்தது. தொடர் முடிந்த ஏழாம் மாதத்தில், 1954 டிசம்பர் 5-ஆம் நாள், ஆசிரியர் கல்கி மறைந்தார். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறும், தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திர’மும் அவருக்குத் துணை நின்றன. ஓவியர் மணியத்தையும் உடன் அழைத்துக்கொண்டு அவர் இலங்கை வரை சென்று வந்தார் என்பது யாவரும் அறிந்தது.

கல்கிக்கும் திரைக்கும் இருந்த உறவு பழையது. 1939-இல் கே. சுப்ரமணியம் இயக்கிய ‘தியாக பூமி’யின் கதை ஆனந்த விகடனில் வெளிவந்தபோது, ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளே புகைப்படங்களாக அச்சிடப்பட்டன. ‘கள்வனின் காதலி’ 1955-இலும் ‘பார்த்திபன் கனவு’ 1960-இலும் திரைப்படங்களாயின. 1958-இல் எம்.ஜி.ஆர். ‘பொன்னியின் செல்வன்’ கதையின் உரிமையை ரூபாய் 10,000 கொடுத்துப் பெற்றார். பிற்காலத்தில் பெரும் இயக்குநராகப் புகழ்பெற்ற மகேந்திரன் அதற்குத் திரைக்கதை எழுதினார். ஆனால் படம் உருவாகவில்லை. 1999-இல் மேஜிக் லேண்டர்ன் குழுவினர் சென்னையில் இதனை நாடகமாக மேடையேற்றினர். அந்நாடகத்தை எழுதிய குமரவேலே பின்னர் மணிரத்னம், ஜெயமோகன் ஆகியோருடன் சேர்ந்து திரைக்கதையும் எழுதினார். முதற்பாகம் 2022 செப்டம்பர் 30-ஆம் நாளும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ஆம் நாளும் வெளிவந்தன. தொடர் நிறைவுற்று 68 ஆண்டுகளுக்குப் பின்னரே இக்கதை திரையைக் கண்டது.

திரையில் கண்டதும் காணாததும்

முதற்பாகத்தைத் தாயாருடன் நம் ஊர்த் திரையரங்கிலேயே பார்த்தேன். உள்ளே நுழையும்போது எனக்கு ஓர் அச்சம் இருந்தது. ஆண்டுகள் பலவாக என்னுள் வாழ்ந்துவரும் குந்தவைக்கு வேறொரு முகம் வந்து பொருந்திவிட்டால், பழைய முகம் அழிந்துவிடுமோ என்பதே அவ்வச்சம். நூல்களை நேசிப்போர் பலருக்கும் இவ்வச்சம் உண்டு. ஆனால் சற்றே சிந்தித்தால், எனக்குரியது என்று நான் எண்ணிய அம்முகமும் நான் படைத்ததன்று என்பது விளங்கும். குந்தவையின் கொண்டையையும், வானதியின் நாணத்தையும், நந்தினியின் பார்வையையும் முதலில் வகுத்தவர் மணியம். அவருக்குப் பின் வினு, பத்மவாசன் முதலியோர் தத்தம் கைவண்ணத்தில் வரைந்தனர். வாசகர் ஒவ்வொருவரும் தூரிகை ஒன்றின் துணையோடுதான் கற்பனை செய்தோம். திரைப்படம் அவ்வரிசையில் இன்னொரு தூரிகை; அதன் மை சற்று அடர்த்தியானது, அவ்வளவே.

மாற்றங்கள் பல. கல்கியின் கதை நீரில் தொடங்குகிறது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, எழுபத்து நான்கு கணவாய்களில் நீர் பாயும் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரை மீது வருகிறான். படமோ ஆதித்த கரிகாலனின் போரில் தொடங்குகிறது. நாவலில் நெஞ்சை உருக்கும் மணிமேகலை படத்தில் இல்லை. இரண்டாயிரம் பக்கங்களை மிஞ்சும் கதையை ஐந்தரை மணி நேரத்தில் அடக்குவோர் எதையேனும் விடவே வேண்டும். கட்டம் போட்ட தாளில் வரைந்த கோலம் முழுவதும் சேலையில் இறங்குவதில்லை என்பது நெசவாளர் அறிந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை அடிக்க வேண்டும்; அட்டை பெருகினால் கூலி பெருகும். எதைக் குறைத்தால் உரு சிதையாது என்று அறிபவரே நல்ல கைகாரர் என்பார் தந்தையார். அவ்வளவுகோலால் அளந்தால் இப்படத்தைப் பெரிதும் பாராட்டலாம்.

ஆனால் என் தாயாரின் அளவுகோல் வேறாக இருந்தது. இரண்டாம் பாகம் முடிந்து வெளியே வந்தவர், வீடு வரும் வரை பேசவில்லை. பின்னர், “சேந்தன் அமுதனுக்குப் பட்டம் கட்டலியே. பூக்கட்டுற புள்ள ராசா ஆனது அந்த ஒரு கதையிலதான். அதையும் எடுத்துட்டாங்களே” என்றார்.

அச்சொற்கள் என்னைத் திடுக்கிடச் செய்தன. ஐந்து பாகங்களையும் எத்தனையோ முறை படித்தவள் நான். முனைவர் பட்டமும் பெற்றவள். எனினும் என் தாயார் அக்கதையில் யாருக்காகக் காத்திருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன். நாவலில், ஊமைத் தாயோடு நந்தவனம் பேணி மாலை கட்டும் சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மை மகன் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. அருள்மொழிவர்மர் தமக்குரிய முடியை அவனுக்குச் சூட்டுகிறார். படத்தில் இந்த மாற்றம் இல்லை. மதுராந்தகனே மகுடம் பெறுகிறான்.

இங்கே ஓர் உண்மையைக் கூறியாக வேண்டும். இவ்விடத்தில் வரலாற்றுக்கு நெருக்கமாக நிற்பது படமே. உத்தம சோழன் எனப் பட்டம் பெற்று, கி.பி. 985 வரை ஆண்டவன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மதுராந்தகன் என்பதே கல்வெட்டுகள் தரும் செய்தி. குழந்தை மாறிய கதை கல்கியின் படைப்பு. மாணவியர் கேட்டால் நான் இவ்வாறே கூறுவேன். ஆயினும் தார் சுற்றிய கைகளோடு அமர்ந்து, உழைப்பவன் ஒருவன் அரியணை ஏறக் கேட்டு மகிழ்ந்த ஒரு பெண்ணிடம், “அது வரலாறு அன்று” என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கதை அவருக்கு அளித்ததை வரலாற்றால் அளிக்க இயலுமா என்ற வினா சில நாள் என்னை விடாது தொடர்ந்தது.

நம் வடபுலத்துச் சான்றுகள்

‘பொன்னியின் செல்வன்’ என்றவுடன் தஞ்சையும் பழையாறையும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அக்கதையின் வேர்கள் பல நம் தொண்டை மண்டலத்தில் உள்ளன. முதற் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானை மேல் துஞ்சிய தக்கோலப் போர் (கி.பி. 949) இங்கே நிகழ்ந்தது. ஆற்றூரில் துஞ்சிய தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு இராசராசன் எடுப்பித்த பள்ளிப்படை பொன்னையாற்றங்கரை மேல்பாடியில் உள்ளது. வந்தியத்தேவனின் வாணர் குலத்திற்குத் தலைநகராக விளங்கிய வாணபுரம் இன்றைய திருவல்லப் பகுதியே. சுந்தர சோழர் மறைந்த பொன்மாளிகை காஞ்சியில் இருந்தது. இராசேந்திரனின் தேவி வீரமாதேவி கணவனோடு உயிர் நீத்த செய்தியைக் கூறும் பிரமதேசம் நம் மாவட்டத்தைச் சார்ந்ததே.

இவை யாவற்றினும் நமக்கு அணித்தானது திருமலை. ஆரணியிலிருந்து போளூர் செல்லும் வழியில், வடமாதிமங்கலத்தை அடுத்த இக்குன்றுக்கு வைகாவூர் என்பது பழம்பெயர். இங்குள்ள சமணக் கோயில் கல்வெட்டில் ‘குந்தவை ஜினாலயம்’ என்றே குறிக்கப்படுகிறது. இக்குந்தவை சுந்தர சோழரின் மகளும் இராசராசனின் தமக்கையும் ஆவார் என்பது ஆய்வாளர் கொள்கை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இவரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிக்கிறது. திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் சிவனுக்கு ஒன்றும், திருமாலுக்கு ஒன்றும், அருகனுக்கு ஒன்றுமாக மூன்று கோயில்களை எடுப்பித்தவரும் இவரே. சைவ அரசகுலத்துப் பெண் ஒருவர் முச்சமயத்திற்கும் கொடையளித்த செய்தியில், நாவலும் படமும் காட்டாத ஒரு குந்தவை நமக்குத் தோன்றுகிறார். அரண்மனைச் சூழ்ச்சிகளை முறியடித்த இளவரசியை அறிவோம். பிறர் வணங்கும் தெய்வத்திற்கும் இடம் அமைத்த முதிய பெருமாட்டியை அறிய நாம் கல்லிடம்தான் செல்ல வேண்டும்.

இரண்டாம் பாகம் பார்த்த சில வாரங்களில் தாயாரை அங்கு அழைத்துச் சென்றேன். ஏறத்தாழ 16 அடி உயரத்தில் பாறையில் செதுக்கப்பட்ட நேமிநாதர் திருவுருவைக் கண்டு அவர் நெடுநேரம் கைகூப்பி நின்றார். குந்தவையின் உருவம் எங்கே என்று கேட்டார். இல்லை, பெயர் மட்டுமே இருக்கிறது என்றேன்.

இராசேந்திரனின் 13-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1025-ஐ ஒட்டி, வெட்டப்பட்ட கல்வெட்டின் அச்சுப்படியைக் கொண்டு சென்றிருந்தேன். ஹுல்ட்ஸ் என்னும் அறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் 1890-இல் பதிப்பித்தது அது. கங்கை வரை சென்ற வெற்றிகளை வரிசையாக அடுக்கும் நீண்ட மெய்க்கீர்த்தி அதில் உள்ளது. ஈழமும் வங்கமும் ஒட்டரும் அதில் வருகின்றனர். வரலாற்று நூல்கள் இக்கல்வெட்டை அம்மெய்க்கீர்த்திக்காகவே எடுத்தாளும். ஆனால் அத்தனை போர்களையும் கூறிய பின் அக்கல்வெட்டு சொல்ல வந்த செய்தி வேறு. பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த மல்லியூர் வணிகன் நன்னப்பயன் என்பவனின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் விளக்கெரிக்கவும் அமுது படைக்கவும் பொன் அளித்தாள் என்பதே அச்செய்தி.

ஒரு பாறையருகே அமர்ந்து, தறியருகே படித்தது போலவே அதைத் தாயாருக்கு உரக்கப் படித்துப் பொருள் கூறினேன். அரசனின் வெற்றிகளைக் கேட்டபோது அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். சாமுண்டப்பையின் பெயர் வந்ததும் திரும்பினார்.

“அவ யாரு, ராணியா?”

“இல்லம்மா. யாவாரி ஒருத்தரோட பெண்டாட்டி. விளக்கு வைக்கக் காசு குடுத்திருக்கா.”

“ராசா பேரு இருக்கிற கல்லுலயேவா?”

“அதே கல்லுலதான்.”

“ஆயிரம் வருசமாவா?” என்று கேட்டவர், மறுமுறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

நிறைவாக

கதை அரியணை அளிக்கும். வரலாறு அதனை அளிக்க மறுத்தாலும், சில வேளைகளில் ஒரு வரி அளிக்கும். அவ்வரியைத் தேடிப் படித்துக் காட்டுவதே என் போன்ற ஆசிரியரின் கடன் என்று கருதுகிறேன். கல்கியின் நாவல் பல்லாயிரவரைச் சோழர் வரலாற்றின் வாயிலுக்கு அழைத்து வந்தது. மணிரத்னத்தின் படம், நாவலைத் தொடாத ஒரு தலைமுறையை அவ்வாயிலுக்கு அழைத்து வந்துள்ளது. வாயிலிலேயே நின்றுவிடாமல் உள்ளே அழைத்துச் செல்ல வேண்டியது நம் பொறுப்பு. நந்தினியைத் தேடி வரும் மாணவியரை இப்போது நான் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. “நந்தினி கல்வெட்டில் இல்லை, வா, சாமுண்டப்பையைக் காட்டுகிறேன்” என்கிறேன்.

நம் வட்டத்து அன்பர்களுக்கும் கவிஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்பத்தாண்டு நிறைவின் நினைவாக, ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் கூட்டம் ஒன்றைத் திருமலை அடிவாரத்தில் நடத்துவோம். அன்று அக்கல்வெட்டினை முழுவதும் உரக்கப் படிப்போம், மெய்க்கீர்த்தியோடு நிறுத்திவிடாமல் கடைசி வரி வரையில்.